உன் அப்பா படுத்திருக்கும் அந்தப் படம்

தம்பிக்கு,

நீ அனுப்பிய செய்தியை மூன்று தடவை படித்தேன். வேலையை விடப்போவதாகவும், ஆனி மாதத்துக்குள் பீங்கான் எஸ்டேட்டில் நம் ஷெட்டைத் திறந்து அப்பாவின் கல் மாவு மில்லை மறுபடி ஓட்டப்போவதாகவும் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி. 'மாதா கோயில்ல இருக்குற அந்தப் படத்தைப் பெருசா பிரிண்ட் போட்டு ஷெட்டு வாசல்ல மாட்டலாம்மா, அப்பா தூங்குற மாதிரியே இருப்பார்.' அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உன்னைக் கூப்பிட்டேன். உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் 'சாப்பிட்டியா, அங்க மழையா' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நான் எப்போதும் அப்படித்தான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் 'கண்ணு என்ன பாக்குதோ அதை வரைங்க' என்று சொல்லிக்கொண்டிருந்த டிராயிங் டீச்சர் நான். கண் பார்த்ததை வாயால் சொல்லாமல் இருந்ததால் நம் வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கு இதுவரை தெரியாது. இப்போது எழுதுகிறேன். ஒரு இடத்தில் உட்கார்ந்து படி. பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே.

அந்தப் படத்தில் உன் அப்பா தூங்கவில்லை. முதலில் அதைத் தெரிந்துகொள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், நீ கோயம்புத்தூரில் மூன்றாவது வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் சாமியார் ஒருவர் என்னைத் தேடி ஸ்கூலுக்கு வந்தார். சேத்தியாத்தோப்பு போகிற வழியில் இருக்கும் ஒரு சின்ன ஊரின் மாதா கோயிலுக்குப் புதிதாக வந்தவர். சின்ன வயசு. கையில் சாக்கில் சுற்றிய பழைய அச்சுப்படம் ஒன்று. கண்ணாடி உடைந்து, ஓரமெல்லாம் கறையான் தின்றிருந்தது. சிலுவையிலிருந்து இறக்கிய ஏசுசாமியை வெள்ளைத் துணியில் கிடத்தியிருக்கிறார்கள். ஒரு கிழவர் தோளைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். சுற்றிலும் ஒரே இருட்டு. மேலே இடது பக்கத்திலிருந்து ஒற்றை வெளிச்சம் இறங்கி அந்த நெஞ்சின் மேல் விழுகிறது. இத்தாலியில் நானூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ வரைந்ததாம். பெயர் இருந்த மூலை கறையானுக்குப் போய்விட்டது. "இதையே ஆள் உசரத்துக்கு எண்ணெய்ச் சாயத்துல வரைஞ்சு தருவீங்களா டீச்சர்? பெரிய வெள்ளியன்னிக்கு எங்க சனங்க முன்னாடி வைக்கணும்" என்று கேட்டார்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். எண்ணெய்ச் சாயத்தைக் கல்லூரி முடித்த பிறகு நான் தொட்டதே இல்லை. ஆனால் அந்தப் படத்தை டேபிள் மேல் வைத்துப் பார்த்தபோது எனக்கு உள்ளே ஏதோ பசித்தது. உனக்கு அது புரியுமோ என்னவோ. மாங்காய், பூச்சாடி, தேசியக் கொடி, சுகாதார தினத்துக்குக் கொசுப் படம், ஆண்டு விழாவுக்கு மயில். அதுவரை என் கை அதைத்தான் செய்தது. சாவதற்குள் ஒரே ஒரு தடவை நிஜமான படம் ஒன்று வரைய வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "தரேங்க சாமி" என்று சொல்லிவிட்டேன். ஆசைப்படுவது தப்பில்லை தம்பி. ஆனால் ஆசைப்பட்டது கைக்கு எட்டும் தூரத்தில் வரும்போது, பக்கத்தில் இருக்கிறவர்களின் முகம் மங்கிப்போகும். அந்த நேரத்தில் ஜாக்கிரதையாக இரு.

அச்சைப் பார்த்து வரைய ஆரம்பித்தேன். பதினைந்து நாள் போராடியும் வரவில்லை. உடம்பு மரக்கட்டை மாதிரி வந்தது. இருட்டு தார் பூசின மாதிரி வந்தது. கறுப்பு டியூபைப் பிதுக்கிப் பூசினால் இருட்டு வராது. பழுப்பையும் நீலத்தையும் நீர்க்கக் கரைத்து, ஒன்று காய்ந்த பிறகு அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என்று ஏற்ற வேண்டும். அப்போதுதான் உள்ளே போகப் போக ஆழம் இருக்கும். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் நெஞ்சும் கழுத்தும் பிடிபடவில்லை. அந்த இத்தாலிக்காரர் ஒரு ஆளை நிஜமாகவே படுக்க வைத்து, ஒற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து வரைந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. எனக்கும் ஒரு ஆள் வேண்டும். பிணமாகப் படுக்க யார் வருவார்கள்? அந்த ஊர் ஆட்களைச் சாமியார் கேட்டுப் பார்த்தார். ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை.

உன் அப்பாதான் சிரித்தார். "என்ன டீச்சர், வூட்லயே ஒரு ஆளை வெச்சிக்கிட்டு ஊரெல்லாம் தேடுற? செத்த மாதிரி படுத்தா ஆயுசு கெட்டிம்பாங்க. வா, ஷெட்ல படுக்குறேன்" என்றார்.

நம் ஷெட்டு உனக்கு நன்றாகத் தெரியும் என்று நீ நினைக்கிறாய். கிரஷரில் உடைந்து, மில்லில் உருண்டு, வெங்கச்சங்கல் வெள்ளை மாவாகி மூட்டைக்கு வரும் இடம். எஸ்டேட்டில் பாதிப் பேர் நம் மாவை வாங்கித்தான் கப்பும் சாசரும் ஃபியூஸ் கட்டையும் செய்தார்கள். மூட்டை வைக்கும் பின்கட்டில், மேற்குச் சுவரில், உயரத்தில் ஒரு சதுர ஓட்டை இருக்கிறதே, அது எதற்கு என்று உனக்குத் தெரியுமா? தூசியை வெளியே தள்ளும் பெரிய ஃபேன் மாட்டுவதற்காகக் கட்டும்போதே விட்ட ஓட்டை அது. ஃபேன் வரவே இல்லை. 'அடுத்த வருஷம், அடுத்த வருஷம்' என்று உன் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். மூன்றரை மணிக்கு மேல் அந்த ஓட்டை வழியாக வெயில் சாய்வாக உள்ளே இறங்கும். மற்ற இடமெல்லாம் இருட்டு. அந்த அச்சுப்படத்தில் இருந்த அதே வெளிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை மில் ஓடாது. அன்றைக்குப் போனோம். நான்கு மூட்டைகளைச் சேர்த்து மேலே பலகை போட்டு, வெள்ளை வேட்டியை விரித்து, உன் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார். அழும் பெண்ணுக்கு நம் ஷெட்டில் மாவு சலித்த செல்வியை நிற்கச் சொல்லியிருந்தேன். அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள். "டீச்சரம்மா, பொழுது சாயுற நேரத்துல புருசனை வெள்ளத் துணியில கெடத்துறீங்களே, மனசு கூசலையா உங்களுக்கு?" என்று கேட்டாள். "படத்துக்குத்தானேடி" என்றேன். அவள் வந்து வாயைப் பொத்தி நின்றாள். முதல் நாளே அவள் கண்ணில் நிஜமாகத் தண்ணீர் வந்தது. அதையும் நான் நல்லதென்றுதான் நினைத்தேன். சீக்கிரம் வரைந்துகொண்டேன்.

ஆனால் வெளிச்சம் சரியாக வரவில்லை. மில் ஓடுகிற நாளில் அந்த வெயில் பலகை மாதிரி கெட்டியாகத் தெரியும், கையால் பிடிக்கலாம் போல. ஞாயிற்றுக்கிழமை தூசி எல்லாம் அடங்கிப்போய், வெயில் உடம்பு மேல் விழுந்ததே தவிர, இருட்டை வெட்டிக்கொண்டு இறங்குவது தெரியவில்லை. படத்துக்கு உயிரே அதுதான். நான் அதை உன் அப்பாவிடம் சொன்னேன். "அவ்ளோதானே" என்று எழுந்தார். காலி மாவுச் சாக்கு ஒன்றை எடுத்து அந்த ஓட்டைக்குக் கீழே நின்று ஓங்கி உதறினார். வெள்ளையாகப் புகை மாதிரி எழும்பியது. அந்தப் புகைக்குள் வெயில் பளீரென்று ஒரு தூண் மாதிரி நின்றது. "ஆங், அப்படியே, அப்படியே! போயி படுங்க!" என்று கத்தினேன். அவர் ஓடிப்போய்ப் படுத்தார். பத்து நிமிஷத்தில் தூசி அடங்கும். "இன்னும் ஒரு தரம் உதறுங்களேன்" என்பேன். மறுபடியும் எழுந்து உதறுவார். மறுபடியும் வந்து அந்தத் தூசிக்குக் கீழேயே, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, நான் சொன்ன மாதிரியே, மூச்சை அடக்கிப் படுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு தடவையாவது இருக்கும். மார்கழியிலிருந்து மாசி வரைக்கும் எத்தனை ஞாயிறு என்று நீயே எண்ணிக்கொள். நான் எண்ணுவதில்லை.

நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இன்னும் இருக்கிறது.

ஒவ்வொரு வாரமும் அவர் அதே இடத்தில் அதே மாதிரி படுக்க வேண்டும் அல்லவா? அதற்காக முதல் நாளே ஸ்கூலிலிருந்து எடுத்துவந்த நீலச் சாக்பீஸால் அந்த வேட்டியில் அவர் உடம்பைச் சுற்றிக் கோடு போட்டுவைத்தேன். தலை, தோள், கை, இடுப்பு, கால் எல்லாவற்றுக்கும். வந்ததும் அந்தக் கோட்டுக்குள் படுத்துக்கொள்வார். செல்விக்கு அந்தக் கோட்டைப் பார்க்கவே பிடிக்காது. ரோட்டில் அடிபட்டுச் செத்தவனுக்குப் போலீஸ்காரர்கள் போடுகிற மாதிரி இருக்கிறது என்பாள். தை மாதம் கடைசி ஞாயிறு, அவர் வழக்கம்போல வந்து படுத்தார். நான் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். வலது தோளுக்கும் கோட்டுக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் துணி தெரிந்தது. தள்ளிப் படுத்துவிட்டார் என்று நினைத்து, "கொஞ்சம் வலது பக்கம் நகருங்க" என்றேன். நகர்ந்தார். இப்போது இடது பக்கம் இரண்டு விரல் துணி தெரிந்தது.

நான் அப்படியே நின்றேன். அப்புறம்தான் அவரை நிஜமாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அவரை வெளிச்சமாகவும் நிழலாகவும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். காரை எலும்புக்கு மேலே ஒரு குழி. ஒவ்வொரு தடவை மூச்சை இழுக்கும்போதும் அந்தக் குழி உள்ளே போனது, யாரோ உள்ளிருந்து தோலைப் பிடித்து இழுக்கிற மாதிரி. விலா எலும்பு ஒவ்வொன்றுக்கும் நடுவில் பள்ளம். அந்தப் பள்ளங்களை எல்லாம் நான்கு வாரமாக நானேதான் பழுப்பும் பச்சையும் கலந்து வரைந்திருந்தேன். கேன்வாஸில் அவை இருந்தன. அச்சுப்படத்தில் இல்லை. அந்த இத்தாலிக்காரர் படுக்க வைத்தது நல்ல திடமான வாலிபனை. என் கை என்னைக் கேட்காமலே என் புருஷனை வரைந்துகொண்டிருந்தது.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'எழுந்திருங்க, சட்டையைப் போடுங்க, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் கழுத்துப் பகுதி பாதியில் நின்றிருந்தது. வெளிச்சம் இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பெரிய வெள்ளிக்கு இரண்டு மாசம்கூட இல்லை. படம் முடியட்டும், முடிந்த மறுநாளே கூட்டிக்கொண்டு போய்விடலாம், வேலை அதிகம், சரியாகச் சாப்பிடுவதில்லை, அதான் இளைத்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அவர் எழுந்து போன பிறகு, ஈரத் துணியை எடுத்து அந்த நீலக் கோட்டைத் துடைத்தேன். அடுத்த வாரம் அவர் படுத்ததும், புதுக் கோடு போட்டேன். சின்னதாக.

அதற்கப்புறமும் மில் தினமும் ஓடியது. அவர் தினமும் போனார். இருமிக்கொண்டே போனார். 'பனி' என்றார். நானும் 'பனி' என்றேன். மாசியில் ஒரு நாள் படத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, அந்தக் காரை எலும்புக் குழியை விரலால் காட்டி, "இங்க ஏன் இவ்ளோ கறுப்பு வெச்சிருக்கே?" என்று கேட்டார். நான் சாயத் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "மூலப் படத்துல அப்படித்தான் இருக்குது" என்றேன். "அப்படியா" என்றார். அச்சுப்படம் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

படம் முடிந்தது. சொல்லக் கூடாது, ஆனால் சொல்கிறேன், நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் மினி வேனில் ஏற்றிக் கொண்டுபோனோம். கோயில் வாசலில் ஏழு படி. உன் அப்பா ஒரு பக்கம், சாமியார் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மூன்றாவது படியில் உன் அப்பா நின்றார். "கொஞ்சம் இருங்க சாமி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உதடு நீலமாக இருந்தது. என் பக்கம் திரும்பிச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. உள்ளே பெண்கள் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு வயசான அம்மா வெளியே வந்து, படத்தைப் பார்த்தாள், படியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். சட்டென்று நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாமியார் அச்சுப்படத்தையும் என் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாக என்னிடம் மட்டும் கேட்டார். "டீச்சர், இந்தக் குழியெல்லாம் அதுல இல்லையே. நீங்க எப்ப பாத்தீங்க இதை?" நான் அச்சுப்படத்தை எடுத்துச் சாக்கில் சுற்றத் தொடங்கினேன். "அவரை முதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு நீங்க வர வேணாம்" என்றார். என் படத்துக்கு முன்னால் அந்த ஊர் அழுததை நான் பார்க்கவே இல்லை.

பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். டாக்டர் அந்த பிலிமை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் வெள்ளைப் புள்ளிகள். மாவு தூவின மாதிரி. "என்ன தொழில் பண்றீங்க?" என்று கேட்டார். "கல்லு அரைக்கிற மில்லுங்க" என்றார் உன் அப்பா. "அந்தக் கல்லுத் தூசிதான் உள்ள போய் உக்காந்திருக்கு. போனது திரும்பி வராது. இனிமே போகாம பாத்துக்கணும், அவ்ளோதான் செய்ய முடியும்." அப்புறம் என்னைப் பார்த்து, "எப்போலேர்ந்து இளைச்சுக்கிட்டு வர்றாரு?" என்று கேட்டார். நான் உன் அப்பாவைப் பார்க்காமல், "ஒரு பத்து நாளாத்தாங்க" என்றேன். டாக்டரிடம்கூடப் பொய் சொன்னேன் தம்பி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நெய்வேலி தாண்டினோம். அப்புறம் அவர்தான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு நீ கோட்டை அழிச்சத நான் பாத்தேன். சட்டை மாட்டிக்கிட்டு திரும்புனேன். நீ குனிஞ்சு துடைச்சிக்கிட்டு இருந்த."

"ஏங்க கேக்கல?" என்றேன்.

"கேட்டா நீ சொல்லிடுவியேன்னு பயம்."

அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன்னாடியே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அடுத்த தடவை டாக்டரைத் தனியாகக் கேட்டேன். "இருபது வருஷத் தூசிம்மா. ரெண்டு மாசத்துல என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. கூடக் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம்" என்றார். அவர் எனக்கு ஆறுதலுக்காகத்தான் அப்படிச் சொன்னார். அந்தக் 'கூடக் கொஞ்ச நாள்' என்னை விடுவதாக இல்லை.

உன்னிடம் ஆஸ்துமா என்று சொன்னோம். நுரையீரல் பலவீனம், பரம்பரை, அது இது என்று சொன்னோம். மில்லை மூடினபோது உடம்பு முடியவில்லை, அதனால்தான் என்றோம். ஆக்ஸிஜன் சிலிண்டர் வீட்டுக்கு வந்த பிறகு நீ ஃபைலைக் கேட்டாய். ஆஸ்பத்திரியிலேயே வைத்துக்கொண்டார்கள் என்றேன். அது என் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. இன்னும் இருக்கிறது. சொல்லிவிடலாம் என்று நான் ஒரு தடவை உன் அப்பாவைக் கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே விட்டு விட்டுச் சொன்னார். "அவன் ரெண்டு வயசுலேர்ந்து அந்த மாவுலதான் வெளையாண்டான். மூட்டை மேலதான் தூங்குவான். இப்ப சொன்னா, தன் மூச்சையே எண்ணிக்கிட்டு உக்காந்துடுவான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆவட்டும்." ஒரு வருஷம் ஆனபோது அவர் இல்லை. அதற்கப்புறம் நானாகச் சொல்லியிருக்கலாம். ஆறு வருஷமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லலாம், பொங்கலுக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு தடவையும் நீ அந்தப் படத்தைப் போனில் முகப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாய்.

இந்தப் பொங்கலுக்கு வந்தபோது என்ன செய்தாய் என்று நினைத்துப் பார். எங்கே போகிறாய் என்று என்னிடம் சொல்லவில்லை. பூட்டை உடைத்து, இரண்டு நாள் ஷெட்டைக் கூட்டிப் பெருக்கியிருக்கிறாய். தண்ணீர்கூடத் தெளிக்காமல், மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, இத்தனை வருஷமாக அடைந்து கிடந்த மாவை. சாயங்காலம் வாசலில் வந்து நின்றாய். தலைமயிர், புருவம், இமை எல்லாம் வெள்ளை. "யாருன்னு தெரியுதாம்மா?" என்று சிரித்தாய். உன் அப்பா தினமும் வந்து நின்ற மாதிரியே நின்றாய். அன்றைக்காவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? உனக்குக் குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். நீ குளிக்கும்போது இருமினாய். கதவுக்கு வெளியே நின்று எண்ணினேன். பதினோரு தடவை. அப்போதும் நான் தோசைக்குச் சட்னி அரைக்கத்தான் போனேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போன வாரம் செல்வி வந்தாள். நம் மில்லை மூடின பிறகு இத்தனை வருஷமும் வேறொரு மில்லில் சலித்துக்கொண்டிருந்தவள். மூச்சு வாங்க வந்து சேரில் உட்கார்ந்தாள். "தம்பி ஷெட்டைத் தொறக்குறாராமே டீச்சரம்மா. பன்னெண்டு பேரு வேணும்னு சொன்னாராம். என்னைய சேத்துக்கச் சொல்லுங்க. புது ஆளுங்க எம்பேச்சைக் கேக்கும். நம்ம ஷெட்டுன்னா எனக்கு வூடு மாதிரி" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மதிய வெயில் ஜன்னல் வழியாக அவள் கழுத்தில் விழுந்தது. ரவிக்கைக்கு மேலே, காரை எலும்புக்கு மேலே, அவள் ஒவ்வொரு தடவை மூச்சிழுக்கும்போதும் அந்த இடம் உள்ளே போய்ப் போய் வந்தது. அது எவ்வளவு ஆழம், அதற்கு என்ன நிறம் கலக்க வேண்டும் என்பதெல்லாம் என் கைக்குத் தெரியும்.

"செல்வி, எந்திரி. இப்படி வெளிச்சத்துல வா" என்றேன். "என்னங்க டீச்சரம்மா?" என்று பயந்துபோய் வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பாவுக்கு என்ன இருந்தது, நான் எப்போது பார்த்தேன், எதற்காகச் சும்மா இருந்தேன், எல்லாம். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் தன் கையால் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம், "ஏன் டீச்சரம்மா, அப்ப அங்க நானுந்தானே நின்னேன்? எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டாள். அவர் மூச்சைப் பற்றி இவ்வளவு வருஷம் அழுத நான், பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவளின் மூச்சை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

ஆகவே சொல்வது இதுதான். அந்த மில் ஓடக் கூடாது. உன் அம்மா கெஞ்சிக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதே, சொல்கிறாள் என்று எடுத்துக்கொள். ஷெட்டு என் பேரில் இருக்கிறது. நேற்று நானே போய்ப் புதுப் பூட்டு போட்டுவிட்டு வந்தேன். உள்ளே போகவில்லை. உனக்கு இங்கே வந்து தொழில் செய்யத்தான் வேண்டும் என்றால் வா, உட்கார்ந்து யோசிப்போம். ஈரமாக அரைத்து வரும் மண்ணை வாங்கி ஏதாவது செய்யலாம் என்கிறார்கள், எனக்கு அது தெரியாது, தெரிந்தவர்களைக் கேட்கலாம். ஆனால் பன்னிரண்டு பெண்களை அந்தத் தூசிக்குள் நிற்க வைத்து, அவர்கள் மேலே உன் அப்பாவின் படத்தை மாட்டுவதற்கு நான் உயிரோடு இருக்கும்வரை விட மாட்டேன். அந்தச் சாமியார் வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டார். படம் அங்கேயே இருக்கட்டும். அது என்ன என்று தெரியாதவர்கள் கும்பிடட்டும்.

இந்தக் கடிதத்தை நேற்று செல்விக்குப் படித்துக் காட்டினேன். "எழுதுனது சரிதான், எம்பேரும் இருக்கட்டும்" என்றாள். இதையே ஐந்தாறு பிரதி எடுத்து எஸ்டேட் டீக்கடையிலும் மற்ற மில்களிலும் கொடுக்கப்போகிறேன். உனக்கு வெட்கமாக இருக்கலாம். பொறுத்துக்கொள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் நம்மூர் பாலக்கரை ஸ்டாப்பிலிருந்து முதல் பஸ்ஸில் பாண்டிச்சேரிக்குப் போகிறோம். பழைய டாக்டர் இல்லை, வேறொருவர் இருக்கிறார், போனில் பேசிவிட்டேன். திங்கள் ராத்திரிக்குள் நீ இங்கே வந்து சேர். லீவு கிடைக்காது என்று சொல்லாதே. மூன்று பேருக்கு நெஞ்சுப் படம் எடுக்க எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். செல்விக்கு ஒன்று, உனக்கு ஒன்று. மூன்றாவது எனக்கு. மாசி பிறந்ததிலிருந்து, துவைத்த துணியைக் கொடியில் போட்டு முடிப்பதற்குள் இரண்டு தடவை உட்கார வேண்டியிருக்கிறது. இதை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

அம்மா